நுரை பொங்கினாதான் அழுக்கு போகுமா? ஃப்ரன்ட் லோட் மெஷினுக்கு எந்த டிடர்ஜென்ட் சரி?

ஊரிலிருந்து அம்மா வந்திருப்பார். புதிதாக வாங்கிய ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடிக் கதவு வழியாக உள்ளே பார்ப்பார். துணி சுற்றிக்கொண்டிருக்கும். அடியில் கொஞ்சமாகத் தண்ணீர் தெரியும். அவ்வளவுதான். அடுத்து வரும் டயலாக் பல வீடுகளில் ஒன்றுதான்: "என்னடி இது, நுரையே காணோம்? இதுல எப்படி அழுக்கு போகும்? இன்னும் ரெண்டு ஸ்பூன் பவுடர் போடு!"

அந்த ரெண்டு ஸ்பூன்தான் பிரச்னை. ஒரு மணி நேரத்தில் முடிய வேண்டிய வாஷ் ஒன்றரை மணி நேரம் ஓடுவது, துவைத்த டவலில் ஈர நாற்றம் அடிப்பது, கறுப்பு டி-ஷர்ட்டில் வெள்ளைக் கோடு தெரிவது, கதவோர ரப்பரில் கறுப்புப் பூஞ்சை பிடிப்பது... இதற்கெல்லாம் மெஷினைத் திட்டி சர்வீஸுக்கு போன் போடுவதற்கு முன்னால், நாம் போடும் பவுடரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டியிருக்கிறது. இ.எம்.ஐ கட்டி வாங்கிய மெஷின் பாஸ், சும்மா விடலாமா?

நுரைக்கும் அழுக்குக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக ஒன்றும் இல்லை. டிடர்ஜென்ட்டில் அழுக்கைப் பிரிக்கும் வேலையைச் செய்வது சர்ஃபாக்டன்ட் என்ற மூலக்கூறு. அதன் ஒரு முனைக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு முனைக்கு எண்ணெய் பிடிக்கும். எண்ணெய்ப் பிசுக்கை ஒரு முனை கவ்விக்கொள்ள, மறுமுனை அதைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு வந்துவிடும். இந்த வேலை முழுக்கத் தண்ணீருக்குள் நடக்கிறது. நுரை என்பது அந்தத் தண்ணீரில் காற்று மாட்டிக்கொண்டு உண்டாகும் குமிழி. நுரை நிறைய வருகிற சர்ஃபாக்டன்ட்டும் உண்டு, நுரையே பெரிதாக வராத சர்ஃபாக்டன்ட்டும் உண்டு. ரெண்டாலும் அழுக்கை எடுக்க முடியும்.

அப்புறம் ஏன் நமக்கு நுரை மேல இவ்வளவு பாசம்? கல்லில் அடித்து, பக்கெட்டில் ஊறவைத்துத் துவைத்தவர்களுக்கு நுரை ஒரு நல்ல அடையாளம். அழுக்கும் உப்புத் தண்ணியும் சோப்பைத் தின்றுவிட்டால் நுரை அடங்கிவிடும். 'இன்னும் கொஞ்சம் சோப்பு வேணும்' என்று அர்த்தம். 1959-ல் சர்ஃப், 1969-ல் நிர்மா என்று நம் நாட்டில் துவைக்கும் பவுடர் பரவிய காலம் முழுக்க, துவைத்தது பக்கெட்டிலும் கையாலும்தான். அதனால் பக்கெட் பவுடர் என்றாலே நன்றாக நுரைக்கும்படி தயாரிப்பது வழக்கமாகிவிட்டது. நுரைக்காத பவுடரை அப்போது யாரும் ரெண்டாவது முறை வாங்கியிருக்க மாட்டார்கள். அம்மா சொல்வது அவர் துவைத்த முறைக்கு நூற்றுக்கு நூறு சரி. ஃப்ரன்ட் லோட் மெஷின் துவைக்கும் முறைதான் வேறு.

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நடப்பது

மேலே மூடி திறக்கும் டாப் லோட் மெஷினில் துணி தண்ணீருக்குள் மிதந்தபடி சுழலும். ஃப்ரன்ட் லோடில் துணி மிதப்பதில்லை. டிரம்முக்குள் துருத்திக்கொண்டிருக்கும் துடுப்பு போன்ற பட்டைகள் துணியை மேலே தூக்கிக்கொண்டு போய், உச்சியிலிருந்து கீழே போடும். தொப்... தொப்... என்று விழுகிற அந்த அடிதான் துவைப்பு. வண்ணான்துறைக் கல்லில் ஓங்கி அடிக்கிறதோட மெஷின் வடிவம்னு வெச்சுக்கோங்க. இதற்கு நிறையத் தண்ணீர் தேவையில்லை. அதே அளவு துணிக்கு டாப் லோட் எடுப்பதில் ஏறக்குறைய பாதித் தண்ணீரில் வேலை முடிந்துவிடும்.

இங்கேதான் கணக்கு மாறுகிறது. தண்ணீர் பாதி, பவுடர் அதே அளவு என்றால் உள்ளே கரைசல் இரண்டு மடங்கு கெட்டியாகிறது. டிரம் வேறு நிமிடத்துக்கு ஐம்பது சுற்று போல உருட்டி உருட்டிக் காற்றைக் கலக்கிக்கொண்டே இருக்கிறது. மில்க் ஷேக் அடிப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கெட் பவுடரைப் போட்டால் சில நிமிடங்களில் கதவு முழுக்க வெள்ளையாகிவிடும்.

பார்க்க அழகாக இருக்கும். ஆனால், நுரை மெத்தையாகிவிடுவதால் மேலிருந்து விழும் துணிக்கு அடியே படாது. நுரை அதிகமானால் துவைப்பு குறையும். விஷயமே இதுதான்.

அடுத்த சிக்கல் சென்சாரில். தண்ணீர் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை மெஷின் காற்றழுத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறது. ஒரு சின்னக் குழாயில் சிக்கிய காற்றைத் தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறது என்பது கணக்கு. அதற்குள் நுரை புகுந்தால் மெஷினுக்குக் குழப்பம். ஸ்பின் சுற்றும்போது உள் டிரம்முக்கும் வெளித் தொட்டிக்கும் இடையில் நுரை அடைத்துக்கொண்டு பிரேக் போட்ட மாதிரி பிடிக்கும். தண்ணீரைத் தள்ளும் பம்ப்புக்கு நுரையைத் தள்ள வராது. புத்திசாலி மெஷின் இதைக் கண்டுபிடித்து வேகத்தைக் குறைத்து, நுரை அடங்கக் காத்திருந்து, கூடுதலாக ஒருமுறை அலசும். டிஸ்ப்ளேயில் '12 நிமிஷம்' என்று காட்டிவிட்டு அரை மணி நேரம் அங்கேயே நிற்பது பல நேரம் இதனால்தான். சில மெஷின்கள் எஸ்.யு.டி. அல்லது எஸ்.டி. என்று எழுத்தும் காட்டும். 'சட்ஸ்', அதாவது நுரை என்பதன் சுருக்கம். தண்ணீரை மிச்சம் பிடிக்க வாங்கிய மெஷின், நுரையைக் கழுவவே தண்ணீரைச் செலவழிக்கும்.

இதையும் மீறி அலசிப் போகாத சோப்பு எங்கே போகும்? கொஞ்சம் துணியில். கொஞ்சம் டிரம்முக்குப் பின்னால், நம் கண்ணுக்கே தெரியாத இடத்தில். அங்கே டிரம்மைத் தாங்கிப் பிடிக்க மூன்று கால் உள்ள ஒரு உலோகத் தாங்கி இருக்கும். பல மாடல்களில் அது அலுமினியம். வருஷக்கணக்கில் சோப்புக் கசடு அப்பியே இருந்தால் அது அரித்துப்போகும். அது உடைந்தால் செலவு சின்னதாக இருக்காது. கசடு இருக்கும் இடத்தில்தான் அந்த வாடையும் குடியிருக்கும்.

துணியில் தங்கும் சோப்பு, சென்சிட்டிவ் சருமம் உள்ளவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அரிப்பைத் தரலாம். குழந்தைக்கு வரும் எல்லாத் தடிப்புக்கும் சோப்புதான் காரணம் என்று இல்லை. தடிப்பு போகவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். ஆனால், மெஷினில் இருக்கும் 'எக்ஸ்ட்ரா ரின்ஸ்' பட்டனை அழுத்தக் காசா, பணமா? குழந்தைத் துணிக்கு அதை எப்போதும் போட்டுவிடலாம்.

உங்க மெஷின்ல சோப்பு தங்கியிருக்கா?

வீட்டிலேயே பார்க்கலாம். துவைத்துக் காயவைத்த சுத்தமான டவல் நான்கைந்தை மெஷினில் போடுங்கள். பவுடர், லிக்விட், கம்ஃபர்ட் எதுவும் வேண்டாம். 40 டிகிரியில் வெறும் தண்ணீரில் ஓடவிட்டு, பத்து நிமிஷம் கழித்துக் கண்ணாடி வழியாக எட்டிப் பாருங்கள். நுரை தெரிகிறதா? நீங்கள் போடாத சோப்பு அது. போன வாரமும் போன மாசமும் போட்டது.

கடையில் எதைப் பார்க்கணும்?

'மேட்டிக்' என்று இருந்தாலே போதும் என்று நிறையப் பேர் எடுத்துவிடுகிறார்கள். போதாது. சர்ஃப் எக்ஸெல், ஏரியல் மாதிரியான பிராண்டுகளில் மேட்டிக்கிலேயே டாப் லோடுக்கு ஒன்று, ஃப்ரன்ட் லோடுக்கு ஒன்று என்று தனித்தனியாக வரும். ஒரே கலர் குடும்பம், ஒரே மாதிரி படம். ஆஃபரில் அடுக்கி வைத்திருக்கும்போது மாற்றி எடுத்துவிடுவது ரொம்ப சுலபம். பாக்கெட்டில் 'ஃப்ரன்ட் லோட்' என்ற வார்த்தையும் முன்பக்கம் கதவு உள்ள மெஷின் படமும் இருக்க வேண்டும். 'லோ சட்ஸ்', 'லோ ஃபோம்' என்று இருந்தாலும் சரி. வெளிநாட்டு டிடர்ஜென்ட் என்றால் எச்.இ. என்ற முத்திரையைத் தேடுங்கள். குறைந்த தண்ணீரில் துவைக்கும் மெஷினுக்கானது என்று அர்த்தம்.

'பக்கெட்டுக்கும் மெஷினுக்கும்' என்று போட்டிருப்பதை ஃப்ரன்ட் லோடுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பக்கெட்டில் நுரைக்க வேண்டும், மெஷினில் நுரைக்கக் கூடாது என்ற இரண்டு எதிர் ஆசைகளை ஒரே பவுடர் எப்படி நிறைவேற்றும்? 'டாப் லோடு, ஃப்ரன்ட் லோடு ரெண்டுக்கும்' என்று வரும் லிக்விட்கள் பரவாயில்லை. அவற்றில் இரண்டுக்கும் தனித்தனி அளவு போட்டிருப்பார்கள், அதைப் பின்பற்றினால் சரி.

லோ சட்ஸ் பவுடருக்குள் அப்படி என்ன இருக்கிறது? நுரை அதிகம் வராத சர்ஃபாக்டன்ட்டுகளுக்கு அதிகப் பங்கு, கூடவே மிகச் சிறிய அளவில் சிலிக்கான் சேர்ந்த நுரைத் தடுப்பான். குமிழியின் சுவர் மேல் அது பரவி அதை உடைத்துவிடும். பால் பொங்கும்போது தண்ணீர் தெளித்து அடக்குவோமே, கிட்டத்தட்ட அந்த வேலை.

சந்தேகமாக இருந்தால் ஒரு சின்ன டெஸ்ட். ஒரே மாதிரி இரண்டு வாட்டர் பாட்டில், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்றில் கால் ஸ்பூன் பக்கெட் பவுடர், இன்னொன்றில் கால் ஸ்பூன் ஃப்ரன்ட் லோட் பவுடர். இருபது முறை குலுக்கி மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வாருங்கள். முதல் பாட்டிலில் நுரை கழுத்து வரை நிற்கும். இரண்டாவதில் தாழ்ந்து அடங்கியிருக்கும். அம்மாவுக்குக் காட்ட இதைவிட நல்ல டெமோ கிடையாது.

பூந்திக்கொட்டை? 'நேச்சுரல்தானே, நுரைக்காது' என்று நினைக்க வேண்டாம். அதில் இருக்கும் சப்போனின் நுரைக்கும் பொருள்தான். பட்டு, கம்பளிக்குக் கையால் அலச அருமையானது. ஜீன்ஸ் அழுக்குக்கு அது போதாது.

பவுடரா, லிக்விடா?

வெள்ளைச் சட்டை, ஸ்கூல் யூனிஃபார்ம், வேட்டி அதிகம் உள்ள வீட்டுக்கு என் ஓட்டு பவுடருக்கு. நல்ல பவுடர்களில் ஆக்ஸிஜன் வெளுப்பான் இருக்கும். வெந்நீர் வாஷில் டீக்கறை, மஞ்சள் பூத்த அக்குள் கறை மாதிரியானவற்றில் அது வேலை செய்யும். லிக்விடில் அதைக் கலந்து வைத்தால் நிற்காது. கறுப்பு, கலர் துணி, பச்சைத் தண்ணீர், 15 நிமிஷ குவிக் வாஷ் என்றால் லிக்விட் நல்லது. சீக்கிரம் கரையும், வெள்ளைத் திட்டு விடாது.

மொட்டை மாடி டேங்குக்கு நேர் கீழே, மேல் மாடியில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விஷயம். அங்கே குழாயில் பிரஷர் குறைவாக இருக்கும். டிராயரில் போட்ட பவுடரைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போகாமல் பாதி களிமாதிரி அங்கேயே உட்கார்ந்துவிடும். உங்களுக்கும் லிக்விட்தான் வசதி. டிராயரில் மெயின் வாஷுக்கு இரண்டு கோடு போட்ட அறை, பூ படம் போட்டது சாஃப்ட்னருக்கு. லிக்விடைப் பூ அறையில் ஊற்றிவிட்டால் அது கடைசி அலசலில்தான் இறங்கும். சோப்புத் தண்ணியோட துணி வெளிய வரும்!

பாட் எனப்படும் ரெடிமேட் கேப்ஸ்யூல்களை டிராயரில் வைக்கக் கூடாது. காலி டிரம்மில் முதலில் போட்டு, அதன் மேல் துணியைப் போட வேண்டும். பாதி லோடுக்குப் பாதி பாட் போட முடியாது என்பது அதன் குறை. முக்கியமாக, அது மிட்டாய் மாதிரியே இருக்கும். சின்னக் குழந்தை உள்ள வீட்டில் வாங்காமல் இருப்பதே நல்லது.

உங்க வீட்டுத் தண்ணி என்ன தண்ணி?

பவுடர் அளவை முடிவு செய்வதில் பாதி தண்ணீரின் கையில் இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் அதிகம். அவை சர்ஃபாக்டன்ட்டைப் பிடித்து முடக்கிவிடும். நுரையும் குறையும், துவைப்பும் குறையும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் அதே ஒரு ஸ்பூன் அமர்க்களமாக நுரைக்கும். வேலைக்காகக் கோவையிலிருந்து சென்னையின் போர் தண்ணீர் ஏரியாவுக்குப் போனால் பழைய அளவு பத்தாது. அங்கிருந்து இங்கே வந்தால் பழைய அளவு பொங்கும். சென்னையிலேயே கோடையில் லாரித் தண்ணீர், மற்ற மாதங்களில் மெட்ரோ வாட்டர் என்று மாறி மாறி வரும் அப்பார்ட்மென்ட்டில் ஒரே பாக்கெட் ஒரு மாசம் நன்றாகவும் மறு மாசம் மோசமாகவும் நடந்துகொள்ளும். குற்றம் பாக்கெட் மேல் இல்லை.

'எங்க வீட்ல டி.டி.எஸ் மீட்டர் இருக்கே' என்பீர்கள். டி.டி.எஸ் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைச் சொல்லும். அதில் கடினத்தன்மை எவ்வளவு என்பதைத் தனியாகச் சொல்லாது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில்கூட இரண்டுக்கும் தனித்தனி எல்லைதான்: கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம், டி.டி.எஸ் 500 மில்லிகிராம். கண்ணால் பார்த்தே ஓரளவு கண்டுபிடிக்க, குளியல் சோப்பைச் சீவி ஒரு பாட்டில் குழாய்த் தண்ணீரிலும் ஒரு பாட்டில் ஆர்.ஓ தண்ணீரிலும் போட்டுக் குலுக்குங்கள். குழாய்த் தண்ணீரில் நுரை வராமல் பால் மாதிரி கலங்கினால் அது கடினத் தண்ணீர்.

அந்த வீடுகளில் பவுடரை அள்ளிக் கொட்டாமல், பாக்கெட்டில் கடினத் தண்ணீருக்குச் சொல்லியிருக்கும் அளவு வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம். மெஷினுக்குத் தண்ணீர் வரும் குழாயில் மாட்டும் ஃபில்டர், மாதம் ஒருமுறை டீஸ்கேலிங் பவுடர் போட்ட வெந்நீர் வாஷ் இரண்டும் ஹீட்டரில் வெள்ளைப் படிவு ஏறாமல் பார்த்துக்கொள்ளும்.

சரியான பவுடர்தான் போடறேன், ஆனாலும் பொங்குதே!

இதுதான் பலரும் கவனிக்காத இடம். மெஷினுக்கு ஃப்ரன்ட் லோட் பவுடர் வாங்கிவிடுகிறோம். ஆனால் காலரில் நீல சோப்பை நன்றாகத் தேய்த்துவிட்டு அப்படியே டிரம்மில் போடுகிறோம். சட்டையை ராத்திரி முழுக்கப் பக்கெட் பவுடரில் ஊறவைத்து, காலையில் பிழிந்து மெஷினுக்கு மாற்றுகிறோம். சாம்பார் கறை மேல் பாத்திரம் கழுவும் லிக்விடை ஊற்றுகிறோம்; அது ஒரு ஸ்பூன் போனாலே கதவு வெள்ளையாகிவிடும். ஜிம் டவலில், குழந்தையின் குளியல் துண்டில் ஷாம்பு மிச்சம் இருக்கும். இத்தனை நுரையையும் மெஷினுக்குள் நாமே கொண்டுபோய் வைக்கிறோம்.

காலர் தேய்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. தேய்த்த இடத்தைக் குழாயடியில் ஒரு தடவை அலசிவிட்டுப் போடுங்கள். அல்லது மெஷினில் ஊற்றும் அதே லிக்விடில் நான்கு சொட்டு எடுத்துத் தேய்த்துப் பத்து நிமிஷம் விட்டுவிடுங்கள். அந்த அளவை டிராயரில் குறைத்துக்கொள்ளலாம்.

அளவு என்றதும் இன்னொன்று. மெஷினில் எழுதியிருக்கும் 7 கிலோ என்பது காய்ந்த பருத்தித் துணியின் எடை. ஒரு பெரியவரின் ஜீன்ஸ் மட்டும் அரைக் கிலோவைத் தாண்டும். இரண்டு பேர் வீட்டில் தினமும் மூன்று, நான்கு கிலோதான் போடுவீர்கள். ஆனால் கப் மட்டும் ஃபுல் லோடுக்கு நிரப்பப்படும். கூடவே வரும் கப்பை நம்பாமல் ஒரே ஒரு முறை கிச்சன் தராசில் பவுடரை எடை போட்டு, பாக்கெட் சொல்லும் கிராமுக்குக் கப்பில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டால் வீட்டில் யார் போட்டாலும் அளவு மாறாது.

பொங்கிடுச்சு... இப்ப என்ன பண்ண?

பதறி கதவை இழுக்காதீர்கள். மெஷினை நிறுத்தி, அரை மணி நேரம் நுரை அடங்க விடுங்கள். பிறகு ட்ரெயின் அல்லது ஸ்பின் மட்டும் ஓட்டுங்கள். அடுத்து ரின்ஸ் + ஸ்பின், பவுடர் இல்லாமல். பூ அறையில் ஒரு மூடி ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றினால் நுரை சீக்கிரம் உடையும். டிடர்ஜென்ட்டின் மின்னேற்றத்துக்கு எதிர் மின்னேற்றம் அதற்கு; இரண்டும் ஒன்றையொன்று செயலிழக்கவைக்கும். (வழக்கமான வாஷில் டவலுக்கு மட்டும் கண்டிஷனர் வேண்டாம், துடைத்தால் தண்ணீரை உறிஞ்சாது.) கதவு தெளிவாகத் தெரியும்வரை இன்னொரு ரின்ஸ். பழைய கசடு போக, மாதம் ஒருமுறை துணி இல்லாமல் டிரம் கிளீன் ஓடவிட்டு, ரப்பர் வளையத்தின் மடிப்பைத் துடைத்து, கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வையுங்கள். குட்டிப் பசங்க இருந்தால் கண் முன்னால் இருக்கும்போது மட்டும்.

மாற்றிவிட்ட பிறகு வீட்டில் மிஞ்சியிருக்கும் அந்த மூணு கிலோ பக்கெட் பவுடரைத் தூக்கிப்போட வேண்டாம். மிதியடி, பைக் கவர், ஸ்கூல் ஷூ, பாத்ரூம் டைல்ஸ் எல்லாவற்றுக்கும் அது அருமையாக வேலை செய்யும். அதை வாஷிங் மெஷின் பக்கத்து ஷெல்ஃபிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். அவசரத்தில் கை அங்கேதான் போகும்.